பாம்பு ‘சட்டை’ உரிக்கும் நேரம்: வீட்டில் பால் பைத்தான் வளர்ப்பவர்கள் எங்கே தவறு செய்கிறார்கள்?

நேற்று வரை கறுப்பு மணி மாதிரி மின்னிய கண், இன்று காலையில் பால் கலந்த நீலமாக இருக்கிறது. தோல் மங்கிப்போய், மேலே சாம்பல் தூவியது போல ஆகிவிட்டது. வழக்கமாகக் கையில் சமர்த்தாகச் சுற்றிக்கொள்ளும் பாம்பு, டேங்க் மூடியைத் திறந்தாலே ‘புஸ்’ என்று சீறுகிறது. எலி வைத்தால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

முதன்முறையாகப் பாம்பு வளர்ப்பவர் இதைப் பார்த்ததும் செல்போனை எடுத்து, ‘பாம்புக்குக் கண் போய்விட்டதா?’ என்று தேட ஆரம்பிப்பார். பின்னால் நிற்கும் அம்மா, “அதுக்கு என்னமோ ஆயிடுச்சுடா, இதெல்லாம் வேணாம்னு அப்பவே சொன்னேன்ல” என்பார்.

அதுக்கு ஒன்றும் ஆகவில்லை. சட்டை உரிக்கப் போகிறது, அவ்வளவுதான். அதைச் சும்மா விட்டு, ஈரப்பதத்தை மட்டும் சரியாக வைத்திருந்தால், இன்னும் சில நாளில் பளபளவென்று புதுத் தோலோடு வெளியே வரும். சிக்கல் பெரும்பாலும் பாம்பால் வருவதில்லை. ‘ஹெல்ப் பண்றேன்’ என்று கையை நீட்டும் ஓனரால்தான் வருகிறது. தோலைப் பிய்க்கப் போய்ப் புண் ஆக்குவது, கண்ணின் மேல் உள்ள கண்ணாடிப் படலத்தைக் கிழிப்பது, கவனிக்காமல் விட்ட ஒரு துண்டுத் தோலால் வால் நுனியே அழுகி விழுவது எல்லாம் இந்த இரண்டு வாரத்துக்குள் தொடங்குகிற பிரச்சினைகள்.

இந்தியாவில் செல்லப் பிராணியாக வளர்க்கப்படும் பாம்புகளில் அதிகம் பேசப்படுவது பால் பைத்தான். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. விஷமில்லை. வளர்ந்தால் ஒரு மீட்டரிலிருந்து ஒன்றரை மீட்டர் வரை இருக்கும். பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்து மாதிரி சுருண்டுகொள்ளும், அதனால்தான் அந்தப் பெயர். இந்தக் கட்டுரை அதை மையமாக வைத்தே விளக்குகிறது.

கண் ஏன் நீலமாகிறது?

மனிதத் தோலும் உரிந்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால் தூசி அளவில், தினமும், நமக்கே தெரியாமல். பல்லி, ஓணான் வகைகளுக்குத் துண்டு துண்டாக உரியும். பாம்பு மட்டும் மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை ஒரே தடவையில், ஒரே துண்டாகக் கழற்றிவிடுகிறது.

பழைய தோலுக்கு அடியிலேயே புதுத் தோல் முழுமையாக உருவாகிவிடும். இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தால் கழற்ற முடியாது. அதனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய திரவம் ஊறுகிறது. அந்தத் திரவம்தான் தோலை மங்கலாகக் காட்டுகிறது. கண்ணையும் நீலமாக்குகிறது.

கண்ணுக்கும் தோலுக்கும் என்ன சம்பந்தம்? பாம்புக்கு இமை கிடையாது, அதாவது மூடித் திறக்கும் இமை கிடையாது. அதற்குப் பதிலாகக் கண்ணின் மேல் ஒளி ஊடுருவும் ஒரு செதில் நிரந்தரமாக மூடியிருக்கிறது. கான்டாக்ட் லென்ஸ் மாதிரி என்று சொல்லலாம், ஆனால் கழற்றி மாட்ட முடியாத லென்ஸ். அதுவும் தோலின் ஒரு பகுதிதான். ஒவ்வொரு முறை சட்டை உரிக்கும்போதும் பழைய லென்ஸும் சேர்ந்து வந்துவிடும். அந்தப் பழைய லென்ஸுக்கும் புது லென்ஸுக்கும் நடுவில் திரவம் சேரும் நாட்களில் பாம்புக்குப் பார்வை மங்கலாக இருக்கும். வளர்ப்பவர்கள் இதை ‘ப்ளூல இருக்கு’ என்பார்கள்.

கண் சரியாகத் தெரியாத ஒரு விலங்கு, மேலிருந்து ஒரு பெரிய கை வருவதை எப்படி எடுத்துக்கொள்ளும்? கோபமெல்லாம் இல்லை, சுத்தமான பயம். ஆகவே இந்த நாட்களில் சீறினால் பாம்பின் ‘கேரக்டர்’ மாறிவிட்டது என்று அர்த்தமில்லை.

பாம்பு உரிப்பது வளர்வதற்காக மட்டும் என்று நினைக்க வேண்டாம். வளர்ந்து முடிந்த பாம்பும் ஆயுள் முழுக்க உரித்துக்கொண்டேதான் இருக்கும். தரையோடு உராய்ந்து தேய்ந்த தோலை மாற்றுவதும், மேலே ஒட்டியிருக்கும் ஒட்டுண்ணிகளைக் கழிப்பதும் இதில் அடக்கம். குட்டிகள் நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை உரிக்கும். பெரிய பாம்பு வருடத்துக்குச் சில முறைதான். முட்டையிலிருந்து வெளிவந்த குட்டி, சுமார் ஒரு வாரம், பத்து நாளிலேயே முதல் சட்டையைக் கழற்றிவிடும்.

ஏமாற்றும் அந்த நடு நாட்கள்

பால் பைத்தானில் முதலில் தெரிவது கண் அல்ல, வயிறு. அடிப்பகுதி லேசான இளஞ்சிவப்பாகும். அடுத்து உடம்பின் நிறம் மங்கும். அதன் பிறகுதான் கண் நீலமாகும், சில நாட்கள் அப்படியே இருக்கும். இதுவரை எல்லோருக்கும் புரியும்.

அதற்கு அடுத்து நடப்பதுதான் குழப்பம். ஒருநாள் காலையில் கண் மறுபடி தெளிவாகிவிடும். தோலும் கொஞ்சம் நார்மலாகத் தெரியும். ‘ஓகே, சரியாயிடுச்சு போல’ என்று ஓனர் பாம்பைக் கையில் எடுப்பார், எலி கொடுப்பார், ஈரப்பதத்துக்கு வைத்ததை எல்லாம் எடுத்துவிடுவார். உண்மையில் சட்டை இன்னும் உரியவே இல்லை. நடுவில் இருந்த திரவம் வற்றியிருக்கிறது, அவ்வளவுதான். பொதுவாக இதற்குப் பிறகு மூன்று, நான்கு நாளில்தான் நிஜமான உரிப்பு. ஈரப்பதம் மிக முக்கியமாகத் தேவைப்படுவதும் இந்த நாட்களில்தான்.

உரிக்கும் நேரம் வந்ததும் பாம்பு மூக்கைக் கட்டை, கல், தண்ணீர்க் கிண்ணத்தின் விளிம்பு என்று எதிலாவது தேய்க்கும. உதட்டோரத்தில் தோல் பிரியும். பிறகு எதையாவது பிடிமானமாக வைத்து ஊர்ந்துகொண்டே பழைய தோலிலிருந்து வெளியே வரும். பெரும்பாலும் ராத்திரியில் நடப்பதால் காலையில் டேங்க்கில் சுருண்டு கிடக்கும் தோலைத்தான் பார்ப்போம். தமிழில் இதைச் சட்டை என்கிறோம். ஆனால் கழற்றும் விதத்தைப் பார்த்தால் சாக்ஸ் என்றுதான் சொல்ல வேண்டும், உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டிப் போட்டுவிட்டுப் போகும். கிடைக்கும் தோல் பாம்பைவிட நீளமாக இருப்பதைப் பார்த்து ‘இவ்வளவு வளந்துட்டியா’ என்று ஆச்சரியப்பட வேண்டாம். செதில்களுக்கு நடுவில் மடிந்திருந்த தோலும் சேர்ந்து விரிவதால் வரும் நீளம் அது.

சென்னையில்தான் எப்பவும் ஈரப்பதம் இருக்கே, அப்புறம் என்ன?

நியாயமான கேள்வி. வெளியே நின்றால் சட்டை நனைகிற ஊரில் பாம்புக்கு ஈரப்பதம் பற்றாது என்றால் நம்புவது கஷ்டம். ஆனால் பாம்பு மெரினாவில் இல்லை. படுக்கையறையில், ராத்திரி முழுக்க ஓடும் ஏசிக்குக் கீழே இருக்கிறது.

ஏசி அறையைக் குளிர்விப்பதோடு காற்றிலிருக்கும் ஈரத்தையும் எடுத்து வெளியே சொட்ட விடுகிறது. அறை 24 டிகிரியில், ஈரப்பதம் 55 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மனிதர்களுக்கு சூப்பரான நிலை. அதே காற்று டேங்க்குக்குள் ஹீட் மேட்டால் 32 டிகிரிக்குச் சூடாகிறது. புதிதாக ஈரம் சேரவில்லை என்றால், அந்தச் சூடான மூலையில் ஈரப்பதம் சுமார் 34 சதவீதத்துக்கு இறங்கிவிடும். காற்று சூடாகச் சூடாக அதிக ஈரத்தைத் தாங்கும் திறன் பெறுகிறது. இருக்கிற ஈரம் அதே அளவு என்பதால் சதவீதம் குறைகிறது. ஸ்கூல் பிசிக்ஸ்தான். சுவரில் மாட்டிய மீட்டரில் 55 என்று பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்குபவர், பாம்பு 34-ல் காய்வதைக் கவனிக்க மாட்டார்.

ஆகவே முதல் செலவு, டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் ஒன்று. விலை அதிகமில்லை. அதை ஹாலில் அல்ல, டேங்க்குக்கு உள்ளே, பாம்பு படுத்திருக்கும் உயரத்தில் வைக்க வேண்டும். பால் பைத்தானுக்குச் சாதாரண நாட்களில் 55 முதல் 65 சதவீதம் வரை போதும். நிறம் மங்க ஆரம்பித்ததிலிருந்து உரித்து முடியும் வரை 70-ஐ ஒட்டி வைத்துக்கொள்ளலாம். வெப்பம் ஒரு பக்கம் 31 முதல் 33 டிகிரி, மறுபக்கம் 25 முதல் 27. ஹீட் மேட்டுக்குத் தெர்மோஸ்டாட் கட்டாயம். அது இல்லாமல் ஹீட் மேட் போடுவது, பாம்பைத் தோசைக்கல்லில் படுக்க வைப்பதற்குச் சமம்.

வட அமெரிக்காவைச் சேர்ந்த கார்ன் ஸ்நேக் வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு ஈரம் வேண்டாம். சாதாரண நாட்களில் 40 முதல் 60 சதவீதம் போதும், உரிக்கும் வாரத்தில் கொஞ்சம் ஏற்றினால் சரி.

ஐஸ்கிரீம் டப்பா டெக்னிக்

டேங்க் முழுவதையும் ஈரமாக்குவது நல்ல யோசனை போலத் தெரியும். நல்ல யோசனை இல்லை. தினமும் ஸ்ப்ரே அடித்து அடித்துத் தரையே சொதசொதவென்று ஆகிவிட்டால், வயிற்றுச் செதில்கள் சிவந்து, கொப்புளம் வந்து, புண்ணாகும். காற்றோட்டமும் இல்லாமல் போனால் சளி, மூச்சிரைப்பு. வறட்சிக்கு மருந்து தேடப்போய் அடுத்த நோயை வாங்கி வந்த கதை.

அனுபவமுள்ள வளர்ப்பாளர்கள் செய்வது எளிது. பாம்பு முழுதாகச் சுருண்டு உட்காரும் அளவுக்கு மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பா, பெரிய ஐஸ்கிரீம் டப்பா போதும். பக்கவாட்டில் பாம்பின் உடம்பின் தடிமனான பகுதி தாராளமாக நுழையும்படி ஓட்டை போட்டு, விளிம்பை மணல்தாள் வைத்து வழவழப்பாக்க வேண்டும். கூரான விளிம்பை விட்டுவைத்தால் புதுத் தோல் கிழியும். உள்ளே ஈரமான ஸ்பாக்னம் பாசி. ஆர்க்கிட் செடிக்குப் பயன்படுத்தும் பாசிதான் இது, நர்சரிகளில் கிடைக்கும். கிடைக்கவில்லை என்றால் நனைத்துப் பிழிந்த கிச்சன் டவல் போதும். பிழியும்போது சொட்டுத் தண்ணீர் விழக்கூடாது, ஆனால் தொட்டால் ஈரம் தெரிய வேண்டும். இந்த டப்பாவைச் சூடான பக்கத்தை ஒட்டி வைத்துவிட்டால் உள்ளே மட்டும் ஈரப்பதம் ஏறும், வெளியே டேங்க் காய்ந்தே இருக்கும். எப்போது உள்ளே போகணும், எப்போது வெளியே வரணும் என்பதைப் பாம்பே முடிவு செய்துகொள்ளும். பாசியை இரண்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

தரைக்கு நியூஸ்பேப்பர் விரிப்பவர்கள் உண்டு. சுத்தம் செய்ய ஈசி, ஆனால் ஈரத்தைப் பிடித்து வைக்காது. இந்த விஷயத்தில் தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு அட்வான்டேஜ் இருக்கிறது. வெளிநாட்டு வளர்ப்பாளர்கள் பாக்கெட் போட்டு வாங்கும் தேங்காய் நார்க்கழிவு, பொள்ளாச்சிப் பக்கம் மலையாகக் குவிந்து கிடக்கும் பொருள். ஈரத்தை நன்றாகப் பிடித்து வைக்கும், மெதுவாக விடும். ஆனால் மாடித்தோட்டத்துக்காக உரம் கலந்து விற்கும் கோகோபீட் வேண்டாம். உப்பு நீக்கிக் கழுவியது, எதுவும் கலக்காதது என்று கேட்டு வாங்க வேண்டும். பாம்பு முழுதாக இறங்கி உட்காரும் அளவுக்குக் கனமான தண்ணீர்க் கிண்ணம் ஒன்றும், தேய்த்துக்கொள்ள மொரமொரப்பான கட்டை ஒன்றும் வைத்துவிட்டால் ஏற்பாடு முடிந்தது.

சாப்பாடு? ப்ளூவில் இருக்கும்போது பல பாம்புகள் சாப்பிடாது. ஒரு வாரம், இரண்டு வாரம் சாப்பிடாமல் இருப்பது ஆரோக்கியமான பைத்தானுக்கு ஒரு விஷயமே இல்லை. வற்புறுத்திக் கொடுத்தால் கக்கிவிடலாம், கக்குவது பாம்பின் உடலுக்குப் பெரிய அடி. உயிருள்ள எலியை உள்ளே விட்டுவிட்டுத் தூங்கப் போவது எந்த நாளிலும் தப்பு, இந்த நாட்களில் பெரிய தப்பு. கண் தெரியாத பாம்பை எலி கடித்துக் குதறிய சம்பவங்கள் வளர்ப்பாளர்களுக்குப் புதிதல்ல.

பிய்க்கலாமா? கூடாதா?

காலையில் பார்க்கிறீர்கள். கழுத்தில் பாதித் தோல் தொங்குகிறது, நடு உடம்பில் திட்டுத் திட்டாக ஒட்டியிருக்கிறது. கை துறுதுறுக்கும். காய்ந்த ஃபெவிகாலை விரலிலிருந்து உரிக்கிற அதே ஆசை.

கூடாது. அடியில் இருக்கும் புதுத் தோல் இன்னும் மென்மையானது. வறண்ட நிலையில் இழுத்தால் அதுவும் சேர்ந்து வரும். பாதி ஆறிய காயத்தின் பொருக்கைப் பிய்த்தவர்களுக்கு அந்த வலி தெரியும். உரிந்த இடத்தில் கிருமித் தொற்று வரும், தழும்பு விழும். தழும்பு விழுந்த இடத்தில் அடுத்த முறையும் தோல் ஒட்டிக்கொள்ளும்.

செய்ய வேண்டியது, தோலுக்குத் தண்ணீர் காட்டுவது. காற்றுத் துளைகள் உள்ள, மூடி இறுக்கமான டப்பாவில் இளஞ்சூட்டு நீரில் நனைத்த துண்டை விரித்து, அதற்குள் பாம்பை விட்டு அரை மணி நேரம் வைக்கலாம். நீர் 28 முதல் 30 டிகிரி. கையை விட்டால் ‘சுடுது’ என்று தோன்றினால் அது அதிகம். நீரில் ஊறவிடுவதாக இருந்தால் ஆழம் பாம்பின் உடம்பில் பாதி உயரத்துக்கு மேல் வேண்டாம், தலை எப்போதும் மேலே இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். எந்த முறையானாலும் பக்கத்திலேயே ஆள் இருக்க வேண்டும். ஒரு மீட்டிங் அட்டெண்ட் பண்ணிட்டு வந்துடலாம் என்று போகிற வேலை இல்லை இது. அரை மணி கழித்து ஈரத் துண்டைக் கையில் தளர்வாகப் பிடித்து, அதன் நடுவே பாம்பு தானாக ஊர்ந்து போகும்படி விட்டால், மிச்சத் தோல் துண்டிலேயே தேய்ந்து வந்துவிடும். வரவில்லையா, விட்டுவிட்டு மறுநாள் மறுபடி.

தேங்காய் எண்ணெய், வாஸ்லின், செலோடேப் எல்லாம் ‘ட்ரை பண்ணிப் பாருங்க’ என்று யாராவது சொல்வார்கள். நம் வீடுகளில் தேங்காய் எண்ணெய்க்குத் தீராத வியாதி இல்லை என்ற நம்பிக்கை வேறு. இங்கே அது வேண்டாம். காய்ந்த தோலுக்குத் தேவை நீர், எண்ணெய் அல்ல. எண்ணெய்ப் பிசுக்கில் தூசியும் நார்க்கழிவும் ஒட்டி இன்னும் மோசமாகும்.

பார்க்க வேண்டிய மூன்று இடம்

உடம்பில் ஒட்டிய திட்டுகள் அசிங்கமாகத் தெரியும், ஆனால் அவசரமில்லை. அவசரம் வால் நுனிதான். அங்கே உரியாமல் நின்ற தோல், காய்ந்ததும் மோதிரம் மாதிரி சுருங்கி இறுக்கும். ரத்த ஓட்டம் நின்றால் நுனி கறுத்து, காய்ந்து, கடைசியில் உதிரும். இரண்டு மூன்று உரிப்புகளாக அடுக்கடுக்காகச் சேர்ந்த வளையம் என்றால் ஆபத்து இன்னும் அதிகம். சின்ன இடம் என்பதால் கண்ணில் படாமல் போய்விடுகிறது.

அடுத்து கண். பாம்பைப் பார்ப்பதைவிடக் கழற்றிய சட்டையைப் பார்ப்பது சுலபம். தலைப் பகுதியை மெதுவாக விரித்து லைட்டில் காட்டுங்கள். கண் இருந்த இடத்தில் இரண்டு வட்டமான, தெளிவான மூடிகள் தெரிந்தால் நிம்மதி. அந்த இடத்தில் ஓட்டை இருந்தால் லென்ஸ் பாம்பின் கண்ணிலேயே தங்கிவிட்டது என்று பொருள். இதை நகத்தாலோ ட்வீசராலோ எடுக்கப் பார்க்கவே கூடாது. பழைய லென்ஸ் என்று நினைத்து இழுப்பது உண்மையான படலமாக இருந்துவிட்டால் பாம்பு கண்ணையே இழக்கலாம். ஈரப்பதத்தைச் சரிசெய்தால் பெரும்பாலும் அடுத்த உரிப்பில் அதுவும் சேர்ந்து வந்துவிடும். அப்போதும் வரவில்லை என்றாலோ, கண் வீங்கினாலோ டாக்டர்தான்.

மூன்றாவது, மேல் உதட்டோரம். பால் பைத்தானுக்கு இரையின் உடல் சூட்டை உணரும் சின்னக் குழிகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. அதிலும் மூக்குத் துவாரத்திலும் துணுக்குகள் அடைத்துக்கொண்டால், பாம்பு இரையைச் சரியாகக் குறிபார்க்காது, வாயைத் திறந்து மூச்சுவிட ஆரம்பிக்கும்.

ஒரு முறை திட்டுத் திட்டாக உரிந்தால் ஈரப்பதத்தைத் திருத்தினால் போதும். எல்லாம் சரியாக வைத்தும் அடுத்தடுத்து அப்படியே நடந்தால், தோலை விட்டுவிட்டுப் பாம்பைப் பார்க்க வேண்டும். உடலில் நீர்ச்சத்துக் குறைவு, ஊட்டக்குறைவு, பழைய காயம், உண்ணி என ஏதோ ஒன்று இருக்கிறது. தண்ணீர்க் கிண்ணத்தின் அடியில் மிளகுத் தூள் மாதிரி கறுப்புப் புள்ளிகள், பாம்பு மணிக்கணக்கில் தண்ணீரிலேயே கிடப்பது, இரண்டும் சேர்ந்தால் உண்ணியாக இருக்க வாய்ப்பு அதிகம். நாய்க்கு வாங்கிய ஸ்ப்ரேயை அடித்துவிடலாம் என்ற ஐடியா பாம்பைக் கொன்றுவிடலாம்.

சரி, டாக்டரிடம் போகலாம். ஆனால் பேப்பர் இருக்கா?

இங்கேதான் பல ஓனர்கள் அமைதியாகிவிடுவார்கள்.

பால் பைத்தான், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் உள்ள விலங்கு. 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் 2022-ல் செய்த திருத்தம், அந்தப் பட்டியலில் உள்ள உயிரினங்களை நான்காம் அட்டவணைக்குள் கொண்டுவந்தது. 2024 பிப்ரவரி 28-ல் மத்திய அரசு இதற்கான பதிவு விதிகளை வெளியிட்டது. அப்போது ஏற்கெனவே வைத்திருந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் ‘பரிவேஷ் 2.0’ தளத்தில் பதிவு செய்ய வேண்டியிருந்தது, அதன் பிறகு வாங்குபவர்கள் 30 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். குட்டி போட்டாலும், கைமாறினாலும், இறந்தாலும் தகவல் தர வேண்டும். அதற்கு முன்பே 2020-ல், தாமாக முன்வந்து கணக்குக் காட்டுபவர்களிடம் ஆவணம் கேட்க மாட்டோம் என்று ஒரு வாய்ப்பும் கொடுக்கப்பட்டது. கார்ன் ஸ்நேக் சைட்டிஸ் பட்டியலில் இல்லை என்பதால் இந்தப் பதிவு அதற்குப் பொருந்தாது. ஆனால் எந்தப் பாம்பையும் அனுமதியில்லாமல் பெட்டியில் போட்டு விமானத்தில் கொண்டுவருவது குற்றம்தான். சென்னை விமான நிலையத்தில் பாங்காக்கிலிருந்து வந்த பெட்டிகளில் பால் பைத்தான் குட்டிகள் பிடிபட்ட செய்திகளை அடிக்கடி படித்திருப்பீர்கள்.

‘ஷெட்’ ஆகாததற்கும் சட்டத்துக்கும் என்ன தொடர்பு? நேரடியான தொடர்பு. துணிப்பைக்குள், தண்ணீர் இல்லாமல், நாள் கணக்கில் அடைபட்டு வந்த குட்டி வறண்டுதான் வரும், உண்ணியோடும் வரலாம். அதன் முதல் உரிப்பே சிக்கலாக இருக்கும். வாங்கியவரிடம் ஆவணம் இருக்காது. ஆவணம் இல்லாதவர் டாக்டரிடம் போகத் தயங்குவார். கடைசியில் செலோடேப்பும் தேங்காய் எண்ணெயும்தான் வைத்தியம். விற்றவர் போனை எடுக்க மாட்டார்.

நம்மூர்ப் பாம்புகள் பற்றிப் பேச்சே இல்லை. மலைப்பாம்பு, நல்ல பாம்பு, சாரை எல்லாம் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. ‘தோட்டத்துல கிடைச்சுது, குட்டி, பாவமா இருந்துச்சு’ என்று வீட்டில் வைத்துக்கொண்டால் வழக்கு வரும்.

நாய், பூனை பார்க்கும் எல்லாக் கிளினிக்கிலும் பாம்பு பார்க்க மாட்டார்கள். ஆகவே பிரச்சினை வருவதற்கு முன்பே போன் செய்து, ‘ஊர்வன பார்ப்பீங்களா?’ என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. சென்னையில் இருப்பவர்கள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரிக்கலாம். போகும்போது உரிந்த சட்டையை ஜிப்லாக் கவரில் போட்டு எடுத்துப் போங்கள். எங்கே கிழிந்தது, எது வரவில்லை என்பதை டாக்டர் அதிலேயே பார்த்துவிடுவார்.

பாம்பே வளர்க்காதவர் வீட்டில் சட்டை கிடந்தால்?

அது வேறு கதை. குளியலறை ஓரத்திலோ விறகுக்கு அடியிலோ சட்டை கிடந்தால், பாம்பு வந்து போயிருக்கிறது என்பது மட்டும்தான் உறுதி. விஷப் பாம்பா இல்லையா என்று சட்டையைப் பார்த்து நீங்களே தீர்ப்புச் சொல்ல வேண்டாம். நிறம் பெரும்பாலும் தெரியாது, நீளமும் ஏமாற்றும். ஈரமாக, மடங்கும்படி இருந்தால் புதிது. மொறுமொறுவென்று உடைந்தால் பழையது. புதிதாக இருந்தால் பாம்பு பக்கத்திலேயே இருக்கலாம், தீயணைப்புத் துறையை அழையுங்கள். பீரோவில் வைத்தால் பணம் சேரும் என்று அதைப் பத்திரப்படுத்தும் வீடுகளும் உண்டு. எலி வரும் வழியை அடைத்தால் பாம்பு வருவது குறையும், பணம் பற்றி உறுதி சொல்ல முடியாது.

உரித்து முடிந்ததும்

சட்டையை எடுத்தபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஆரோக்கியமான ஊர்வனவும் சால்மோனெல்லா பாக்டீரியாவைச் சுமக்கும். உரிந்த தோலிலும் அது இருக்கும். இன்ஸ்டாவுக்கு ஃபோட்டோ எடுப்பதற்காக அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைப்பது வேண்டாம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் இருக்கும் வீட்டில் இன்னும் கவனம் தேவை.

பிறகு டேங்க்கை முழுதாகச் சுத்தம் செய்து, ஈர டப்பாவை வெளியே எடுத்துக் கழுவிக் காயவைத்து, ஈரப்பதத்தைப் பழைய அளவுக்கு இறக்கலாம். இரண்டு நாள் கழித்து எலி கொடுத்தால், இரண்டு வாரப் பட்டினியைச் சேர்த்துவைத்துப் பாய்ந்து பிடிக்கும், விரலைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

போனில் ஒரு நோட்டில் தேதியைக் குறித்து வைப்பது பிற்பாடு ரொம்ப உதவும். வயிறு சிவந்த நாள், கண் நீலமான நாள், தெளிந்த நாள், உரித்த நாள், ஒரே துண்டா இல்லையா. நான்கைந்து முறை எழுதினால் உங்கள் பாம்பின் கணக்கு உங்களுக்கே பிடிபடும். ஆணோடு சேர்ந்த பெண் பைத்தானாக இருந்தால் இந்தக் குறிப்பு இன்னும் முக்கியம், முட்டையிடுவதற்குச் சுமார் ஒரு மாதத்துக்கு முன் ஒரு முறை உரிக்கும். ஆண் துணையே இல்லை என்றாலும் முட்டை வரவே வராது என்று சொல்ல முடியாது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிசாலையில், 15 ஆண்டுகளுக்கு மேல் ஆணின் பக்கமே போகாத ஒரு பால் பைத்தான் 2020-ல் ஏழு முட்டை இட்டது. அப்போது அதன் வயது குறைந்தது 62 என்று கணித்தார்கள். வீட்டில் நன்றாக வளர்த்தாலே இந்தப் பாம்பு 20, 30 வருடம் வாழும். இப்போது 25 வயதில் வாங்குபவர், 50 வயதிலும் அந்த ஐஸ்கிரீம் டப்பாவில் பாசி மாற்றிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.